தூரில் இருந்த பூச்சி

நீடாமங்கலத்தில் உரக்கடை வைத்திருக்கும் ஷமீரா தாவரவியல் படித்தவர். கணவர் ஜாஃபர் சாதிக் கத்தாருக்குப் போனதிலிருந்து, ஆறு வருடமாகக் கடையை அவர்தான் பார்த்துக்கொள்கிறார்.

போன கார்த்திகையில் மருதையன் என்ற குத்தகை விவசாயி கடைக்கு வந்தார். சம்பாப் பயிரின் இலையில் தத்தித் திரிந்த பூச்சிகளில் இரண்டைத் தீப்பெட்டியில் பிடித்துவந்திருந்தார். பச்சை உடம்பு, இறக்கை நுனியில் கறுப்பு. பச்சைத் தத்துப்பூச்சி என்று ஷமீராவுக்குப் பார்த்ததுமே தெரிந்தது. வேறெதுவும் கேட்காமல் மருந்தை எடுத்துக் கொடுத்தார்.

மூன்று வாரத்தில் மருதையன் திரும்பி வந்தார்.

"பச்சைப்பூச்சி போயிடுச்சு தங்கச்சி. ஆனா வயல் நடுவுல வட்டம் வட்டமாக் கருகுது. நெருப்பு வச்ச மாதிரி இருக்கு."

ஷமீரா உடனே எழுந்தார். கடையைப் பூட்டிவிட்டு அவருடனேயே கிளம்பினார். வரப்பில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சேற்றில் இறங்கினார். இலைகளில் ஒன்றும் இல்லை. குனிந்து பயிரின் அடிப்பகுதியான தூரை விலக்கினார். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தண்டு தெரியாமல் பழுப்பாக அப்பிக் கிடந்தது புகையான்.

இரண்டுமே சாறு உறிஞ்சுகிற பூச்சிகள்தான். பச்சைப்பூச்சி இலையில் தத்துவதால் கண்ணில் பட்டுவிடும். அது பரப்பும் நோய்தான் பெரிய தொல்லை. புகையான் அடித்தண்டின் ஈர நிழலில் ஒளிந்திருந்து பயிரையே காயவைத்துவிடும். ஷமீரா கொடுத்த மருந்து புகையானைத் தின்னும் சிலந்திகளையும் கொன்றிருந்தது.

"நான் குடுத்த மருந்தாலதாண்ணே இது பெருகியிருக்கு. தூரைப் பாத்தீங்களான்னு அன்னைக்கே கேட்டிருக்கணும்."

மருதையன் கருகிய பயிர் ஒன்றைப் பிடுங்கி வரப்பில் போட்டார். பிறகு, "இப்ப என்ன செய்யணும்? அதைச் சொல்லுங்க" என்றார்.

அன்றே மடையைத் திறந்து தண்ணீரை வடித்தார்கள். காற்றும் வெயிலும் இறங்கும்படி பயிரை விலக்கிவிட்டு, புகையானுக்கான மருந்தைத் தூரில் படும்படி அடித்தார்கள். ஷமீரா நான்கு நாள் காலையில் வந்து பார்த்துவிட்டுத்தான் கடையைத் திறந்தார்.

கால் ஏக்கர் பதராகப் போயிற்று. மீதி இரண்டு ஏக்கர் தையில் அறுப்புக்கு வந்தது. மருதையன் இன்றும் அந்தக் கடைக்குத்தான் போகிறார். அவர் மனைவி தங்கமணிக்கு மட்டும் இன்னும் ஆறவில்லை. ஷமீராவைக் கடைத்தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

"அவங்க கோபம் நியாயம்தான்," என்கிறார் ஷமீரா.