ஏழுக்கு ஒரு குறுக்குக் கோடு

எங்கள் குளத்தில் வலை போட அனுமதிப்பத்திரம் வேண்டும். வருடா வருடம் அதைப் புதுப்பிக்க வேண்டும். பத்திரத்தில் இருக்கும் இலக்கத்தை வலையின் மிதப்புகளிலும் எழுத வேண்டும். இலக்கம் பிழையென்றால் சோதனைக்கு வருகிறவர்கள் வலையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

என் இலக்கம் பதினேழு. மிதப்பென்றால் மூடி இறுக்கிய வெள்ளைப் பிளாஸ்டிக் போத்தல்கள்தான், இருபது. எழுதியது என் மனைவி. என் எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும். வள்ளத்தையும் அவள்தான் வலிப்பாள், நான் வலை விடுவேன். ஒருமுறை சோதனைக்காரர் ஒருவர் பதினேழைப் பதினொன்று என்று வாசித்து எங்கள் வலையைக் கரையில் இழுத்துப் போட்டார். அவள் விட்டாளா? "ஐயா, முதல்ல கண்ணாடியை மாத்துங்கோ!" என்றாள். கரையே சிரித்தது. அன்று பின்னேரமே இருபது போத்தலிலும் ஏழின் நடுவில் குறுக்குக் கோடு போட்டுவிட்டாள்.

மூன்று நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். பத்திரம் புதுப்பிக்கும் கடைசித் திகதி, அவளுடைய முப்பத்தோராம் நாள் காரியம். அன்று எனக்குக் குளமே நினைவில்லை.

பிறகு மீனவர் சங்கச் செயலாளரிடம் போனேன். என்னைவிட இளையவன். பதினேழை வேறொருவருக்குக் கொடுத்தாயிற்று என்றான்.

"திகதி முடிஞ்சு போச்சண்ணை. நான் என்ன செய்ய?"

"முப்பத்தொண்டுக்கு நீயும் வந்து சாப்பிட்டனி எல்லோ? அப்ப வாயில என்ன கொழுக்கட்டையோ?"

மன்னார் மீன்பிடிக் கந்தோருக்கும் போனேன். கதிரையில் இருந்த அதிகாரி நல்லவர்தான், புதுப் பத்திரம் உடனே தந்தார். ஐம்பத்திரண்டு. பழைய இலக்கமே வேண்டுமென்று கேட்டேன்.

"எந்த இலக்கமெண்டால் என்ன ஐயா? மீனுக்கு வாசிக்கத் தெரியுமே?"

நானும் சேர்ந்து சிரித்தேன். போத்தலில் இருப்பது அவள் எழுதியது. ஒரு கிழவன் கந்தோரில் நின்று எப்படி அதைச் சொல்வது?

வீட்டுக்கு வந்து ஒரு போத்தலை எடுத்து ஏழைக் கத்தியால் சுரண்டினேன். குறுக்குக் கோடுதான் கடைசியாகப் போனது. கத்தியை எறிந்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு கிழமை குளத்துக்கே போகவில்லை. யாரும் ஏனென்று கேட்கவும் வரவில்லை.

வந்தவர் ஒருவர்தான், பதினேழு கிடைத்தவர். முசலிப் பக்கமிருந்து வந்து குடியேறிய மனிதர்.

"அண்ணை, உங்கட மிதப்பில இருக்கிறது இப்ப என்ர நம்பர் தானே. சும்மா கிடந்தால் தாங்கோவன்."

"கடையில போய் வாங்கு!" என்று கத்தினேன். மனிதர் போய்விட்டார்.

போத்தல்களைச் சாக்கில் கட்டிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். அங்கே கிடந்து என்ன செய்யப்போகின்றன? எலி கடிக்கும். நான் செத்தால் குப்பைக்குப் போகும். அவள் எழுதியது தண்ணீரில் மிதக்கத்தானே. அடுத்த நாள் காலை சாக்கைத் தூக்கிக்கொண்டு அவருடைய வாசலில் போய் நின்றேன்.

"தின்னர் போட்டுத் துடைக்காதையும். மங்கினால் அதே எழுத்துக்கு மேல பூசும். ஏழுக்குக் குறுக்குக் கோடு கட்டாயம்."

"ஏனண்ணை?"

"பதினொண்டெண்டு வாசிச்சுப் போடுவாங்கள்."

இப்போது நானே வலித்து நானே வலை விடுகிறேன். என் புது மிதப்புகளில் ஐம்பத்திரண்டு, கோழி கிண்டினபடியே. என் வலை கிழக்கே கிடக்கிறது, அவருடையது மேற்கே. விடியற்காலையில் நான் மேற்கால் சுற்றித்தான் போவேன். போன கிழமை அவர் கேட்டே விட்டார்.

"இதென்ன அண்ணை, தலையைச் சுத்தி மூக்கைத் தொடுறியள்?"

"காத்து அப்பிடி," என்றேன்.

காற்றே இல்லை. அவருக்கும் தெரிந்திருக்கும். நான் துடுப்பை நிறுத்திவிட்டு அவள் போட்ட ஏழுகளை எண்ணினேன். பத்தொன்பது இருந்தது. ஒன்றை நானே சுரண்டிவிட்டேனே, பாவி.