கிரேக்கம் பாடிய திருச்சிக்காரி

பாதிப் பாட்டில் ஒருத்தி கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டால் என்ன செய்வீர்கள்? பின்னாலேயே ஓடுவீர்கள். என்ன ஆச்சு என்று கேட்பீர்கள்.

போன மாதம் எங்கள் பாட்டுக் குழுவில் அப்படித்தான் நடந்தது. யாரும் ஓடவில்லை. நோர்வேக்காரர்களாயிற்றே... நிதானமாகக் காபி ஃப்ளாஸ்கைத் திறந்தார்கள்.

ஒஸ்லோவில் ஒண்டிக்கட்டையாக இருப்பவர்களுக்கு எல்லோரும் எழுதித் தரும் மருந்து ஒன்றுதான் — ஏதாவது ஒரு பாட்டுக் குழுவில் சேர்ந்துவிடு! நானும் எங்கள் பகுதியான ஃபுருசெத்தில் ஒன்றில் சேர்ந்தேன். செவ்வாய்க்கிழமை தோறும் தோளோடு தோள் உரசப் பாடுவோம். மறுநாள் மெட்ரோவில் எதிரே உட்கார்ந்தால், அதே தோள்காரர் மொபைலுக்குள் தலையை விட்டுக்கொள்வார்.

எலெனி மட்டும் வேறு. பல் மருத்துவமனையில் வேலை. ஐம்பதைத் தாண்டியவள், கிரேக்கப் பெண். காபி இடைவேளையில் என்னிடம் வந்து, "இன்னிக்கு என்ன சாப்பிட்டே?" என்று கேட்பாள். இந்த ஊரில் என்னை அப்படிக் கேட்கும் ஒரே ஆள். அந்த ஒரு கேள்விக்காகவே வாரம் முழுக்கக் காத்திருப்பேன் என்றால் சிரிக்காதீர்கள்.

வெளியே போனதும் அவள்தான்.

காரணம் ஒரு சினிமாப் பாட்டு. ஒரு பழைய கிரேக்கப் படத்தில் வந்து, கடல் தாண்டி, உலகம் முழுக்க ஹிட்டான பாட்டு. பெயர் தெரியாவிட்டாலும் மெட்டை எங்கேயாவது கேட்டிருப்பீர்கள் — ஹோட்டல் லிஃப்டில், ஏதோ ஒரு காத்திருப்பு அறையில். மெட்டுக்கு ஏது பாஸ்போர்ட்? போகிற ஊரில் எல்லாம் புது வரிகளை உடுத்திக்கொண்டது. நோர்வீஜிய வரிகளிலும் பாடுகிறார்கள்.

"இந்த முறை கிரேக்கத்திலேயே பாடுவோம். எலெனி இருக்கும்போது என்ன கவலை? முதல் வரிகளை அவள் தனியாகப் பாடட்டும்!" என்றார் எங்கள் குழுவை நடத்துபவர். எல்லோரும் கை தட்டினார்கள். எலெனி தட்டவில்லை. எழுந்து நின்றாள். ஒரு வரி பாடினாள். இரண்டாவது வரியில் நிறுத்தினாள். கோட்டை எடுத்தாள்.

ஊர் ஞாபகம் வந்திருக்கும் என்று நானே முடிவு கட்டினேன். அடுத்த செவ்வாய் அவள் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கேசரி கிண்டி, டப்பாவில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். லிஃப்டில் கீழ்வீட்டு செல்வி அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர்.

"எங்கை தங்கச்சி, டப்பாவும் கையுமா?"

"ஃப்ரெண்ட் வீட்டுக்கு அக்கா. சொல்லல, சும்மா போறேன்."

"சொல்லாமலோ? விசரே உங்களுக்கு! இஞ்சை சொந்தத் தம்பி வீட்டை போறதெண்டாலும் நான் மெசேஜ் போட்டிட்டுத்தான் போறனான்."

கேட்டேனா? திருச்சியில் சொல்லிவிட்டுப் போனால் அல்லவா கோபித்துக்கொள்வார்கள்!

இரண்டு பிளாக் தள்ளி எலெனியின் வீடு. மணி அடித்தேன். கதவு ஒரு சாண் திறந்தது. முகம் வெளுத்திருந்தது.

"யாராவது செத்துட்டாங்களா?"

"இல்ல... கேசரி."

அவள் என்னைப் பார்த்தாள். டப்பாவைப் பார்த்தாள். அப்புறம் சிரித்துவிட்டாள். "இத்தனை வருஷத்தில் சொல்லாம மணி அடிச்சது பார்சல்காரன் மட்டும்தான். உள்ளே வா."

சாப்பிட்டபடியே, "ஊர் ஞாபகமா?" என்று மெல்லக் கேட்டேன்.

"மண்ணாங்கட்டி. எனக்கு அந்தப் பாட்டு தெரியாது!"

தெரியாதாம். அது அவள் அம்மா காலத்துப் பாட்டு; இவள் வளர்ந்தது ராக் இசையில். ஆனால் நோர்வேயில் யாரிடம் கிரீஸ் என்று சொன்னாலும் உடனே அந்த மெட்டை முணுமுணுப்பார்களாம். இவளும் சிரித்துத் தலையாட்டுவாளாம். "இவ்வளவு காலம் தலையாட்டிட்டு, இப்போ போய் தெரியாதுன்னு எப்படிச் சொல்றது?"

"எனக்குத் தெரியும். நான் சொல்லித் தரட்டுமா?" என்றேன்.

"நீயா? கிரேக்கமா?"

கிரேக்கத்தில் பாடப்போகிறோம் என்று அறிவித்த அன்றே ஆர்வக்கோளாறில் வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதி நெட்டுரு போட்டிருந்தேன். புரியாததை மனப்பாடம் செய்து பாஸாகி வந்தவர்கள்தானே நாம்? பாடிக் காட்டினேன். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். உச்சரிப்பைத் திருத்தினாள். கடைசி வரியைத் தானே ஒருமுறை மெல்லப் பாடிப் பார்த்தாள்.

"என்ன அர்த்தம்?" என்றேன்.

"தன் துறைமுகம் மாதிரி வேற ஊரே இல்லைன்னு ஒருத்தி பாடறா." டப்பாவை மூடினாள். "போன கோடையில் என் ஊருக்குப் போனேன். கடைக்காரப் பையன் என்கிட்டே இங்கிலீஷில் பேசினான்."

டப்பாவை வாங்கிக்கொண்டு எழுந்தேன்.

வாசலில், "நான் இனி வரமாட்டேன். கிரேக்கத்துக்காரியா அங்கே நிக்க என்னால முடியாது. நீ பாடு," என்றாள்.

அழைத்து வரப் போனவள், அவள் பாட்டையும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். அதற்கப்புறம் வந்த செவ்வாய்க்கிழமைகளில், இடைவேளையில் ஜன்னலைப் பார்த்தபடி காபி குடித்தேன். நான் என்ன சாப்பிட்டேன் என்பதில் யாருக்கும் அக்கறை இல்லை.

போன சனிக்கிழமை எங்கள் குழுவின் மேடை நிகழ்ச்சி. முதல் வரிகளை நான் தனியாகப் பாடினேன். பாடும்போதுதான் பார்த்தேன்... கடைசி வரிசையில் எலெனி. கோட்டைக்கூடக் கழற்றாமல்.

முடிந்ததும் கம்பளி ஸ்வெட்டர் போட்ட பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அருமை! கிரீஸில் எந்த ஊர்?"

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் ஒரு குரல்.

"இவள் தீவுக்காரி. நான்தான் இந்தியா," என்றாள் எலெனி, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

பெரியவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போனார். நாங்கள் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினோம்.

ஒரு ஊரில் நாம் தனியாக இருக்கிறோமா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நமக்காகப் பொய் சொல்ல ஒருத்தர் இருந்தால்... தனியாக இல்லை!