புல்வெளி ஊரை விசாரித்த கதை

காரணமில்லாமல் யாராவது நல்லவராக இருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். என் வீட்டுக்காரர் நேரெதிர், வெளுத்ததெல்லாம் பால் என்று குடிக்கிறவர். அதனால்தான் அந்த அமெரிக்கர் வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வந்து உட்கார்ந்தார்.

அது இரண்டாயிரத்து ஒன்பது. துபாயில் வேலை போனவர்கள் பேங்க் கடனுக்குப் பயந்து, காரை ஏர்போர்ட் வாசலிலேயே விட்டுவிட்டு ஊருக்கு ஓடிக்கொண்டிருந்த வருஷம். என் வீட்டுக்காரர் ஜெபல் அலி துறைமுகத்தில் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். கப்பலில் வரும் கோதுமையைக் கொட்டிவைக்கும் பெரிய பெரிய இரும்பு சைலோக்களை நிறுத்துவது அவர்கள் வேலை. சைலோ அனுப்பிய அமெரிக்கக் கம்பெனியின் ஆளாக மேற்பார்வைக்கு வந்தவர் இந்த மனிதர். ஐம்பதைத் தாண்டியவர். மனைவி ஊரிலேயே இருந்தார். தனியாக ரொட்டி தின்று கிடக்கிறார், பாவம் என்று சொல்லி என் வீட்டுக்காரர்தான் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் பர் துபாய் வீட்டுக்கு அழைத்து வந்தார். சாம்பார் ருசி கண்ட பிறகு அழைக்கவே வேண்டியிருக்கவில்லை.

வந்தால் ஊர்ப் பேச்சுதான். நெப்ராஸ்காவில், கண்ணுக்கெட்டிய தூரம் புல்லும் சோளமும் தவிர வேறெதுவும் இல்லாத சமவெளியில் அவருடைய சின்ன நகரம் இருந்தது. நம் கணக்கில் அதை நகரம் என்று சொல்வதே பாவம். ஒரு கடைத்தெரு, ஒரு கோர்ட்டு, சர்ச்சுக்காரர்கள் ஆரம்பித்த ஒரு சிறிய கல்லூரி, ரயில் பாதையோரம் தானியம் சேர்த்துவைக்கும் ஒரு கோபுரம். அவ்வளவுதான். ஆனால் அவர் பேசுவதைக் கேட்டால் மதுரையே தோற்றுவிடும்.

ஒரு தடவை அந்த ஊரின் நூற்றாண்டு மலரைக் கொண்டுவந்து கொடுத்தார். நம் கோயில் கும்பாபிஷேக மலரேதான். முன்னால் வரலாறு, நடுவில் பெரிய மனிதர்கள் படம், பின்னால் பக்கம் பக்கமாகக் கடைகளின் விளம்பரம். பையன் வீட்டு ஜாதகத்தை வாங்கிப் பார்ப்பதுபோல அதை நான் வரிவரியாகப் படித்தேன். எங்கே பொய் இருக்கிறது என்று பார்ப்பதற்குத்தான்.

தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஊர் ஆரம்பித்ததே பொய்யில். ரயில்வே கம்பெனிக்காரன் பாதை போட்டுவிட்டு, பக்கத்து நிலத்தை விற்க ஜெர்மனி, ஸ்வீடன் என்று நோட்டீஸ் அடித்து அனுப்பியிருக்கிறான். நோட்டீஸில் ஆறு ஓடுகிறது, ஆற்றில் படகு போகிறது, கரையில் மரம் நிழல் கொடுக்கிறது. வீடு வாசலை விற்றுக் கப்பலேறி வந்து இறங்கினால் புல். ஒரு பலகை அறுக்க ஒரு மரம் கிடையாது. வேரோடு புல்லை மண்கட்டியாக வெட்டி, அதையே செங்கல்லாக அடுக்கி வீடு கட்டியிருக்கிறார்கள். மழை பெய்தால் அடுப்பிலிருக்கும் பாத்திரத்தில் சேறு சொட்டும். கூரையிலிருந்து பாம்பு தொங்கும்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் அவரிடமே கேட்டேன். இது சுத்த ஏஜென்ட் வேலையாக இருக்கிறதே, ஏசி ரூம், மூன்று வேளைச் சாப்பாடு என்று சொல்லிக் கூட்டிவந்து தொழிலாளர் கேம்ப்பில் இறக்கிவிடுகிற அதே வேலைதானே என்றேன். என் வீட்டுக்காரர் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். அமெரிக்கர் கோபப்படவில்லை. ஆமாம், அவர்களிடம் திரும்பிப் போக டிக்கெட்டுக்குக் காசில்லை, அதனால்தான் ஊர் உண்டானது என்றார். எனக்கு அந்த பதில் பிடித்துவிட்டது. பிடித்துவிட்டதே என்று மறுநிமிஷமே சந்தேகமும் வந்துவிட்டது.

மலரில் இன்னும் இருந்தது. கோர்ட்டு முதலில் பக்கத்து ஊரில் இருந்ததாம். எங்களுக்குத்தான் வேண்டும் என்று இவர்கள் வண்டி கட்டிக்கொண்டு போய், காகிதம், மேஜை, நாற்காலி என்று அள்ளிப் போட்டுக் கொண்டுவந்துவிட்டார்கள். அதைப் பெருமையாகப் படம் போட்டு வைத்திருக்கிறார்கள். கோர்ட்டையே திருடின ஊர்! அப்புறம் வெட்டுக்கிளி வந்து பயிரைத் தின்றது. அப்புறம் வருஷக்கணக்காகப் புழுதிக்காற்று. பாதி ஊர் காலி. மிச்சமிருந்தவர்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார்களாம். யாரையும் வாய்விட்டுப் புகழமாட்டார்கள், எதற்கும் புலம்பவும் மாட்டார்கள். எதிரில் யார் வண்டி வந்தாலும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவார்கள். அதுதான் வணக்கம். சரிதான், எண்ணெயில் விழுந்த கடுகு மாதிரி பொரிகிற எனக்கு அப்படிப்பட்ட அமுக்கர்களைக் கண்டாலே ஆகாது.

இந்த நேரத்தில்தான் எங்கள் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். வயல் என்ற ஒன்றைக் காரிலிருந்தே பார்த்து வளர்ந்த பெண், மண்ணைப் பற்றிப் படிக்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அவள் மனதில் வேறு படிப்பே இல்லை. என் வீட்டுக்காரர் வேலை இன்றைக்கோ நாளைக்கோ என்று ஊசலாடிக்கொண்டிருந்தது. வெளிநாட்டில் படிக்கவைப்பது எங்களுக்குக் கனவு. அப்போது அமெரிக்கர் ஒரு விஷயம் சொன்னார். அவர் ஊர்க் கல்லூரியில் வருஷத்துக்கு ஒரு வெளிநாட்டுப் பிள்ளையை ஊர்க்காரர்களே சேர்ந்து படிக்கவைக்கிறார்கள், அந்த மண்ணைப் பற்றிய படிப்பும் அங்கே இருக்கிறது, ஊரில் ஒரு குடும்பம் பிள்ளையைத் தங்கவைக்கக் கையெழுத்துப் போட்டால் போதும், இந்த வருஷம் அவர் மனைவி போடத் தயார் என்றார். மகள் எழுந்து நின்றுவிட்டாள். நான் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.

சோழியன் குடுமி சும்மா ஆடுமா? முன்பின் தெரியாத பிள்ளையை எதற்கு ஒரு ஊரே படிக்கவைக்க வேண்டும்? கேட்டால், எங்கள் பிள்ளைகள் எல்லாம் பெரிய ஊர்களுக்குப் போய்விடுகிறார்கள், தெருவில் இளசுகளைப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்றார். இதுவெல்லாம் ஒரு காரணமா? மதம் மாற்றுவார்களோ, வீட்டு வேலைக்கு ஆள் பிடிக்கிறார்களோ என்று நான் அடுக்கினேன். மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

எங்கள் விருதுநகர்ப் பக்கம் பெண்ணைக் கொடுப்பதற்கு முன் பையன் ஊருக்கு ஆள் போகும். பையன் வீட்டுக்கு அல்ல, டீக்கடைக்கும் சலூனுக்கும் பலசரக்குக் கடைக்கும். சும்மா பேச்சுக் கொடுத்து விசாரித்துவிட்டு வருவார்கள். அதில் ஒரு கணக்கு உண்டு. கேட்ட கேள்விக்கு பதில் சொல்லாமல் பேச்சை மாற்றினால் அந்தக் குடும்பத்தில் ஏதோ இருக்கிறது. என் பெண்ணை உலகத்தின் மறுகோடிக்கு அனுப்புகிறேன், விசாரிக்காமல் விடுவேனா? மலரின் பின்பக்கத்தில் விளம்பரம் இருந்தது, விளம்பரத்தில் போன் நம்பர் இருந்தது. டெலிபோன் கார்டுகளை வாங்கி, இங்கே சாயங்காலமும் அங்கே காலையுமாக இருக்கும் நேரம் பார்த்து, வீட்டுக்காரருக்குத் தெரியாமல் உட்கார்ந்து போட்டேன். ஆணி விற்கும் கடை, முடிவெட்டும் கடை, விவசாயிகள் சங்கம், சர்ச் ஆபீஸ்.

துபாயிலிருந்து பேசுகிறேன், இன்ன தெருவிலிருக்கும் இன்னாரைத் தெரியுமா என்று ஆரம்பித்தேன். குடிப்பாரா? அவர் மனைவி வீட்டில் தனியாகவா இருக்கிறாள்? வீட்டுக்கு யார் யார் வந்துபோகிறார்கள்? மாமியாரை எப்படி வைத்திருந்தாள்? எல்லாரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் ஒருத்தர்கூட நேராக பதில் சொல்லவில்லை. ஒருவர் இந்த வருஷம் மழை தாமதம் என்றார். இன்னொருவர் சோளம் பரவாயில்லை என்றார். ஆணிக்கடைப் பெண் மட்டும் என் நம்பர் என்னவென்று கேட்டாள். எனக்குச் சர்வ நிச்சயமாகிவிட்டது. பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள்.

ஊருக்குள் என் போன் என்ன பாடு படுத்தியது என்பது அடுத்த வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது. அமெரிக்கர் வந்தார், சாப்பிட உட்காரவில்லை. ஆணிக்கடைக்காரி முடிவெட்டுபவரிடம் சொல்ல, அவர் சர்ச்சில் சொல்ல, ஒரே நாளில் ஊர் முழுக்கப் பரவிவிட்டதாம். அரபு நாட்டிலிருந்து யாரோ ஒருத்தி, தனியாக இருக்கும் பெண்ணின் வீட்டுக்கு யார் வருகிறார்கள் போகிறார்கள் என்று கேட்கிறாள். நியூயார்க்கில் கட்டடங்கள் விழுந்து பத்து வருஷம்கூட ஆகவில்லை. அந்த ஊர் போலீஸ் அதிகாரியே வீட்டுக்கு வந்து அந்த அம்மாவிடம் விசாரித்தாராம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கொல்லைக் கதவைப் பூட்டியறியாதவள் இப்போது பூட்டு வாங்கியிருக்கிறாள் என்றார்.

என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் ஒளிக்கவில்லை. “ஆமா, நான்தான் போன் பண்ணேன். எங்க ஊர்ல பொண்ணை அனுப்புறதுக்கு முன்னாடி இப்படித்தான் விசாரிப்போம்,” என்று, படபடப்பில் ஆங்கிலம் வராமல் தமிழிலேயே சொன்னேன். மகள் கண்ணில் நீர் கோத்துக்கொண்டு அதை ஆங்கிலத்தில் சொன்னாள்.

அமெரிக்கர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு மனைவி சொல்லியனுப்பியதைச் சொன்னார். அந்த அம்மா கையெழுத்துப் போட மறுக்கவில்லை. ஆனால் அவளும் விசாரிக்கவேண்டுமாம். ஆபீஸ் ஆட்கள் வேண்டாம், குடியிருக்கும் தெருவில் எங்களை நன்றாகத் தெரிந்தவர்கள் யார், அவர்கள் நம்பரைக் கொடு, நானே பேசிக்கொள்கிறேன் என்றாளாம். வருகிற வியாழக்கிழமைக்குள் கல்லூரிக்கு முடிவு சொல்லவேண்டும்.

நெத்தியடி. முதல்முறையாக அந்தப் பெண்மேல் எனக்கு ஒரு மரியாதை வந்தது. பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன், யார் பெயரை எழுதுவது என்று தெரியவில்லை. எதிர்வீட்டுக்காரர்கள் மாசியிலேயே ஓடிவிட்டார்கள், கதவில் பேங்க்காரன் ஒட்டிய காகிதம் கிடக்கிறது. மாடியில் இருப்பவர்கள் போன வாரம் வந்தவர்கள். கோயிலில் பார்த்தால் சிரிப்போம், பெயர் தெரியாது. விருதுநகரில் எங்களை லீவுக்குப் பெட்டியோடு வந்துபோகிறவர்களாகத்தான் தெரியும். அங்கே ஒரு விரல் தூக்கினால் யார் என்று ஊருக்கே தெரிகிறது. இங்கே கல்யாணமாகி வந்து, பிள்ளை பெற்று, வளர்த்து ஆளாக்கியும், எங்களை இன்னார் என்று சொல்ல ஒரு ஆள் கிடையாது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைசியில் ஒரே ஒருவர் தேறினார். கட்டடத்தின் கீழே குரோசரி வைத்திருந்த ராமநாதபுரத்துக்காரர். மகள் தவழ்ந்த காலத்திலிருந்து பார்க்கிறவர். அவள் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினால் அவர்தான் முதலில் சாக்லேட் கொடுப்பார். எங்களைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்ல அவரைவிட்டால் யார்? கடை நம்பரை எழுதிக் கொடுத்தேன்.

அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைக்கலாமே என்றார் வீட்டுக்காரர். மகளும் கெஞ்சினாள். நான் முடியவே முடியாது என்று சொல்லிவிட்டேன். சொல்லிக்கொடுத்துச் சொல்வது ஒரு சாட்சியா? அந்த அம்மா நேர்மையாக விசாரிக்கிறாள், நேர்மையான பதில் கிடைக்கட்டும். கடைக்காரர் வாயைத் திறந்தாலே நமக்கு நல்லதுதான் வரும் என்று அடித்துச் சொன்னேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் அமெரிக்கர் போன் செய்தார். என் வீட்டுக்காரர் கேட்டுவிட்டு ரிசீவரை வைத்த விதத்திலேயே தெரிந்தது. அமெரிக்கரின் மனைவி விசாரித்துவிட்டாளாம். நாங்கள் இந்த நாட்டிலேயே இல்லை என்று தகவலாம். போன வெள்ளிக்கிழமை நானே அவர்கள் வீட்டில் இருந்தேன் என்று அமெரிக்கர் அவளிடம் எவ்வளவோ சொல்லியிருக்கிறார். உங்களை யாரும் ஏமாற்றலாம், கீழே கடை வைத்திருப்பவர் எதற்குப் பொய் சொல்லவேண்டும் என்று கேட்டுவிட்டு, வேறொரு நாட்டுப் பெண்ணுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள். கல்லூரியும் அந்தப் பெண்ணுக்குக் கடிதம் அனுப்பிவிட்டது.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நான் அன்றைக்கே சொன்னேன் இல்லையா! கொடுக்க மனசில்லை என்றால் இல்லை என்று சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதானே, எங்கள் கடைக்காரர் தலையில் ஏன் பழியைப் போடவேண்டும்? யாரும் போனே செய்திருக்கமாட்டார்கள். இதை இப்போதே நிரூபிக்கிறேன் என்று மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

கடையில் கூட்டமில்லை. எங்களைப் பார்த்ததும் அவரே கல்லாவை விட்டு எழுந்துவந்தார். யாராவது போன் செய்து எங்களைக் கேட்டார்களா என்று நான் முடிப்பதற்குள், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“வந்துச்சுக்கா. யாரோ வெள்ளக்காரி. உங்க பேரு, சார் பேரு, பாப்பா பேரு எல்லாம் சொல்லி, எப்படிப்பட்ட ஆளுங்க, எத்தனை வருசமாத் தெரியும்னு துருவித் துருவிக் கேட்டா. இப்ப பேங்க்காரனுங்க இப்படித்தான் ஆளைத் தேடுறானுங்க. சாருக்கு ஏதோ சிக்கல் போலன்னு எனக்கு அப்பவே புரிஞ்சுபோச்சு. அவங்க எப்பவோ ரூமைக் காலி பண்ணிட்டு நாட்டை விட்டே போய்ட்டாங்கன்னு அடிச்சுச் சொல்லிட்டேன். நீங்க ஒண்ணுக்கும் பயப்படாதீங்க. இனிமே ஒருத்தரும் உங்களைத் தேடி வரமாட்டாங்க.”

அவர் கல்லாவின் மேலிருந்த மிட்டாய் பாட்டிலைத் திறந்து ஒரு சாக்லேட்டை எடுத்து மகளிடம் நீட்டினார்.

அவள் அதை வாங்கிக்கொண்டு, “தேங்க்ஸ் அங்கிள்,” என்றாள்.