அவள் கைக்கு மட்டும் மசிந்த குழாய்

பேருந்து நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் தொலைபேசி எடுப்பது அவள் வேலை. பேருந்து தாமதமானதற்கு அவள்தான் காரணம் என்பதுபோல ஊரே அவளிடம் எரிந்து விழும். வீட்டுக்கு வந்தால் மாமியார், கணவர், இரண்டு மகள்கள். யாருக்கு எது காணாமல் போனாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவளுக்கென்று இருந்தது ஞாயிற்றுக்கிழமைக் குளியல் ஒன்றுதான்.

குளியல் தொட்டியின் குழாய் வீட்டோடு வந்த கிழம். சும்மா திருகினால் அசையாது. பிடியைச் சற்றே தூக்கி, இடப்பக்கம் கொஞ்சம் திருப்பி, அடியில் ஒரு குத்து விட்டால்தான் வழிக்கு வரும். மற்றவர்கள் மல்லுக்கட்டிப் பார்த்து, ஷவரே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

"உன் கைக்கு மட்டும்தான் மசியுது, பாவம்" என்பார் கணவர். அவளும் பெருமூச்சு விடுவாள். அந்தக் குத்தை மட்டும் யாருக்கும் சொல்லித் தரவில்லை.

அவள் பிறந்தநாளுக்கு அவர் பளபளவென்று ஒரு புதுக் குழாயோடும் பிளம்பரோடும் வந்து நின்றார்.

"இனிமே உனக்கு அந்தக் கஷ்டமே வேண்டாம். ஒரு விரல் போதும்!"

மனிதர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சந்தோஷத்தில் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஒரு விரல் எல்லோரிடமும் இருந்தது. அடுத்த ஞாயிறு மூத்தவள் உள்ளே போய்ப் பாட்டுக் கேட்டாள். இளையவள் நுரையில் ஊறினாள். மூட்டுவலிக்கு நல்லது என்று போன மாமியார், வெளியே வர மனமில்லாமல் கிடந்தார். துண்டும் கையுமாக நின்றவளுக்கு முறை வந்தபோது வெந்நீர் தீர்ந்திருந்தது. அழுகையே வந்துவிட்டது.

நல்லவேளையாக, "தண்ணிய எங்கே அடைப்பீங்க?" என்று பிளம்பரிடம் அன்றே கேட்டு வைத்திருந்தாள். தொட்டியின் பக்கப் பலகையை நகர்த்தினால் உள்ளே ஒரு சின்ன வால்வு. மறுநாள் எல்லோருக்கும் முன்னால் எழுந்து அதை இறுக மூடினாள்.

புதுக் குழாய் ஊமையானது. கணவர் தட்டினார், ஊதினார், கடைக்காரரை வாய்க்கு வந்தபடி திட்டினார்.

"பிளம்பரைக் கூப்பிடட்டுமா?"

"எதுக்குங்க தண்டச் செலவு? நான் சமாளிச்சுக்கறேன்."

ஞாயிறு வந்தது. கதவைத் தாழிட்டு, பலகையை நகர்த்தி, வால்வைத் திறந்தாள். வெந்நீர் கொட்டுகிற சத்தம் கேட்டுக் கணவர் கதவருகே ஓடி வந்தார்.

"அடக் கொடுமையே, இதுவும் உன் கைக்கு மட்டும்தான் மசியுதா?"

"ஆமாங்க" என்றாள், கழுத்துவரை நீரில் கிடந்தபடி.

அவரை நினைத்தால் பாவமாகத்தான் இருந்தது. வால்வைத் திறந்தே வைக்கிற அளவுக்கு இல்லை.