கவிழ்த்து வைத்த தகரப் பேசன்

டெங்குக் காய்ச்சலில் கிடந்த மகளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்த நாள்முதல், தேங்கி நிற்கும் தண்ணீரைக் கண்டாலே எனக்குப் பயம். எங்கள் வாவிக்கரையில் மாரிகாலத்தில் தண்ணீர் தேங்காத இடம் ஏது? சிரட்டை, பூச்சாடித் தட்டு, பழைய டயர் என்று கண்டதையெல்லாம் கவிழ்த்தேன். கிணற்றடியில் உடுப்பு ஊறப்போடும் பெரிய தகரப் பேசனையும் கவிழ்த்தேன். தோய்க்காத உடுப்பு மூலையில் குவிந்தது.

"வாவியையும் ஒருக்கா கவுத்து வைப்பமா?" என்றார் கணவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு நாள் மகள் அந்தப் பேசனின் முதுகில் தட்டிப் பார்த்தாள். மேளம் போல அதிர்ந்தது. கைப்பேசியில் தேடி ஒரு காணொளியைக் காட்டினாள். எந்த நாடோ தெரியாது, ஒரு மனிதர் இதே மாதிரிப் பேசனைக் கவிழ்த்து, நடுவில் கயிறு கோத்து, மறுமுனையை ஒரு தடியில் கட்டியிருந்தார். தடியைச் சாய்த்தும் நிமிர்த்தியும் கயிற்றைச் சுண்டினால் சுருதி ஏறி இறங்கியது.

"கரோலுக்கு நான் இதைத்தான் வாசிக்கப் போறன்," என்றாள்.

நத்தார்ப் பண்டிகைக்கு முன் எங்கள் கோயில் பிள்ளைகள் வீடு வீடாகக் கரோல் பாடப் போவார்கள். அவர்கள் புறப்படுவது பொழுதுபடும் நேரம். டெங்கு நுளம்பு கடிக்கப் புறப்படுவதும் அதே நேரம்தான்.

"இந்த முறை வேணாம் புள்ள."

"அடுத்த முறையும் நீங்க இதைத்தான் சொல்லுவீங்க."

கணவர் பேசனைப் புரட்டிப் பார்த்தார். "இதில ஓட்டை போடோணும். ஓட்டைப் பேசனில தண்ணி நிக்காது, தெரியுந்தானே?"

அதில்தான் நான் விழுந்தேன். ஆணியும் சுத்தியலும் நானே எடுத்துக் கொடுத்தேன். கயிற்றுக்குப் பதிலாக, அவர் மீன் பிடிக்க வைத்திருந்த தடித்த தங்கூசி நூலைக் கோத்தார். வீடு கூட்டும் தும்புத்தடியின் கம்பு தடியானது. சுண்டிப் பார்த்தால் சத்தமே இல்லை. பேசன் சீமெந்துத் தரையில் அப்பிக்கொண்டு கிடந்தது. ஒரு பக்கம் செங்கல் வைத்து உயர்த்தினோம். தும் என்றது. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம்.

ஆனால் மகள் காய்ச்சலில் மெலிந்திருந்தாள். தங்கூசியை இழுத்தால் பேசனும் கூடவே எழும்பியது. யாராவது அதன் விளிம்பை மிதித்துக்கொள்ள வேண்டும். அப்படித்தான் நானும் கரோல் குழுவில் சேர்ந்தேன்.

கரோல் அன்று அவளுக்குக் கைகால் முழுக்க வேப்பெண்ணெய் பூசி, பேசனையும் தூக்கிக்கொண்டு, மற்றப் பிள்ளைகளோடு உழவு மெசின் இழுக்கும் பெட்டியில் ஏறிப் போனோம்.

"அன்ரி என்ன வாசிக்கிறாங்க?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அன்ரி நிக்கிறாங்க," என்றான் பக்கத்தில் நின்றவன்.

முதல் வீட்டிலேயே நுளம்பு ரீங்காரமிட்டது. மகளின் கழுத்தைப் பார்ப்பதா, காலைப் பார்ப்பதா என்று நான் திரும்பத் திரும்ப, பேசன் ஆடிச் சுருதி வழுவியது. இரண்டாவது வீட்டில் பாட்டு பாதியில் நின்றது.

"அம்மா, ஒங்கட கால் ஆடுது. எடுங்க."

"உன்னால ஏலுமா?"

"எடுத்துட்டுப் பாருங்களன்."

எடுத்தேன். தன் காலை விளிம்பில் அழுத்தி, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுத்தாள். பேசன் கொஞ்சம் எழும்பப் பார்த்து, அடங்கியது.

மூன்றாவது வீட்டுக்கு அவர்களோடு நான் உள்ளே போகவில்லை. மெசின் பெட்டியில் இருந்தபடி, யாரோ தந்த கேக்கைத் தின்றுகொண்டு கேட்டேன். தும், தும் என்று வந்தது. ஓரிரண்டு இடத்தில் பிசகியது. அது என் காலால் அல்ல.