மீனுக்குக் கொள்ளிடத் தண்ணீர்

எனக்கு மீன் வளர்ப்பில் துளியும் ஆசை கிடையாது. பெரம்பலூரில் நாங்கள் புது வீடு கட்டிக் குடிவந்தபோது, கூடத்தில் மீன்தொட்டி வைத்தால் குடும்பத்துக்கு நல்லது என்று யாரோ என் வீட்டுக்காரர் காதில் ஓதிவிட்டார்கள். அடுத்த வாரமே ஒரு கண்ணாடித் தொட்டியும் பையில் நீந்தும் ஏஞ்சல் மீன்களும் வந்து இறங்கின. வாங்கியவர் அவர், தண்ணீர் மாற்றுகிறவள் நான். எங்கள் வீட்டில் எல்லா ஆசைகளும் இப்படித்தான் பங்கு பிரிக்கப்படும்.

அப்போது எங்கள் தெருவில் போர் தண்ணீர்தான். சுண்ணாம்பு பூமி. குக்கரின் அடியில் வெள்ளை வெள்ளையாகப் படியும், தலைமுடி நார் மாதிரி ஆகிவிடும். தொட்டியின் கண்ணாடியிலும் அதே வெள்ளைக் கோடு விழுந்தது. மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்து மிதந்தன. கடைக்காரர் தண்ணீரில் மீட்டரை முக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"உப்பு ஜாஸ்திங்க. ஏஞ்சல் தாங்காது. ஆத்துத் தண்ணியா இருந்தா நல்லா இருக்கும்."

"கேன் தண்ணி வாங்கி ஊத்தலாமே?" என்றார் வீட்டுக்காரர்.

"வெறும் கேன் தண்ணில சத்து இருக்காதுங்க. மீன் தெளியாது."

ஆத்துத் தண்ணி என்ற அந்த ஒரு வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். என் பிறந்த வீடு திருமானூருக்குப் பக்கம், கொள்ளிடக் கரையில் இருக்கிறது. கொல்லையில் அடிபம்பு. அடித்தால் இளநீர் மாதிரி இனிப்பாகத் தண்ணீர் வரும். அங்கேதான் அம்மா, தம்பி குடும்பத்தோடு இருக்கிறாள்.

கட்டிக்கொடுத்த பெண் பிறந்த வீட்டுக்குப் போக எங்கள் பக்கத்தில் ஒரு காரணம் வேண்டும். பொங்கல், தீபாவளி, காதுகுத்து, இல்லையென்றால் ஒரு சாவு. சும்மா போய் நின்றால் தெருவே கண்ணை அகட்டும். புருஷனோடு என்ன தகராறோ, மாமியார் ஏதும் சொன்னாளோ என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். அம்மாவும் ஆசையாகக் கூப்பிட மாட்டாள். கூப்பிட்டால் மாப்பிள்ளை வீட்டில் என்ன நினைப்பார்களோ என்று பயம். மீன் வந்த பிறகு அவளுக்கும் ஒரு வழி கிடைத்தது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை போன் வரும்.

"தண்ணி புடிச்சு வச்சுட்டேன். எப்ப வர?"

வாடி, பார்க்கணும் போல இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். எனக்கா தெரியாது?

காலிக் கேனோடு அரியலூர் பஸ் ஏறி, அங்கே இறங்கி வேறு பஸ் மாறுவேன். சிமெண்ட் லாரிகளின் புழுதியெல்லாம் கீழப்பழுவூரோடு பின்தங்கிவிடும். அதற்கப்புறம் ஜன்னல் வழியே வயல் வாசனை வரும், எனக்குப் பசிக்க ஆரம்பிக்கும். திரும்பும்போது கேனை மடியில் வைத்துக்கொள்ளாத குறையாக வருவேன். "என்னக்கா, பெரம்பலூர்ல தண்ணியே இல்லையா?" என்று கண்டக்டர் கிண்டல் செய்வார். மீனுக்கு என்றால் பஸ்ஸே சிரிக்கும். சிரிக்கட்டும். டியூபை வைத்து உறிஞ்சித் தொட்டியின் அழுக்குத் தண்ணீரில் கால்வாசியை இறக்கிவிட்டு, அம்மா பிடித்துக் கொடுத்த தண்ணீரை மெதுவாக ஊற்றுவேன். மொத்தத்தையும் மாற்றக் கூடாது, மீன் மிரண்டுவிடும். மீன்கள் தளதளவென்று வளர்ந்தன. எனக்கும் உடம்பு தேறியது.

பிறகு ஒருநாள் எங்கள் தெருவில் பள்ளம் தோண்டினார்கள். கூட்டுக்குடிநீர்க் குழாய். கொள்ளிடத்துத் தண்ணீர் வாசலுக்கே வந்துவிட்டது. தெருவில் எல்லாரும் குடத்தை வைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

"ஒங்க ஊரு தண்ணியே வூட்டுக்கு வந்துருச்சு பாரு. இனிமே நீ அலைய வேணாம்."

அவர் நல்ல மனுஷன். அதுதான் கஷ்டமே. கெட்ட மனுஷனாக இருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் வாடை தூக்கியது. எனக்கு உள்ளுக்குள் ஒரு நப்பாசை. இதில் மீன் பிழைக்காது என்று கடைக்காரர் சொல்லிவிட மாட்டாரா? அவர் ஒரு சின்ன பாட்டிலை நீட்டினார். தண்ணீரை டப்பில் பிடித்து ஒருநாள் வைத்து, இதில் சில சொட்டு விட்டு ஊற்றினால் போதும் என்றார். ஊற்றினேன். பாழாய்ப்போன மீன்கள் சாகவில்லை. ஃபில்டர் குழாயில் வரிசையாக முட்டை வேறு இட்டுவைத்தன. வீட்டுக்காரர் அம்மாவுக்கே போன் போட்டு, குழாய் வந்த கதையையும் முட்டையையும் சந்தோஷமாகச் சொன்னார்.

"நல்லதாப் போச்சுங்க மாப்ள," என்றாளாம் அம்மா. அதற்கப்புறம் தண்ணீர் பிடித்துவைத்ததாக அவளிடமிருந்து போன் வரவில்லை. நானாகப் பேசினால் மீன் எப்படி இருக்கிறது என்று கேட்பாள். நன்றாக இருக்கிறது என்பேன். "அப்ப சரி" என்று வைத்துவிடுவாள். அந்த 'அப்ப சரி'யைக் கேட்டுவிட்டு அடுப்படியில் நின்று அழுதிருக்கிறேன்.

பொறுக்காமல் ஒரு நாள் கிளம்பிவிட்டேன். அம்மாவைப் பார்க்கணும் என்று வீட்டில் சொன்னபோது, "போயிட்டு வாயேன், இதுல என்ன?" என்றார் அவர். கையில் கேன் இல்லாமல் அந்தத் தெருவில் நடக்க என்னவோ போல இருந்தது. வாசல் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா, என் வெறுங்கையைப் பார்த்து முகம் வெளிறிப்போனாள்.

"என்னடி ஆச்சு? மாப்ளையோட சண்டையா?"

"ஒண்ணுமில்லம்மா. சும்மா வந்தேன்."

"சும்மாவா?"

அவள் நம்பவில்லை. சாப்பாடு போடும்போது கேட்டாள். தலை வாரிவிடும்போது கழுத்து, கை எல்லாம் பார்த்தாள். தம்பி பெண்டாட்டி, பக்கத்து வீட்டு அக்கா என்று ஒவ்வொருவராக விசாரித்தார்கள். பார்க்க ஆசையாக இருந்தது என்று நான் சொன்னதை ஒருத்தரும் பதிலாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அம்மாவோடு இருக்க வந்த நாள், அம்மாவைச் சமாதானப்படுத்துவதிலேயே தீர்ந்துபோனது.

சாயங்காலம் பஸ் ஏற்றிவிட வந்தவள், பஸ் வருவதற்குள் என் கையைப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்.

"அடுத்த தடவ கேன எடுத்துட்டு வந்துருடி. நான் புடிச்சுத் தரேன். தேவைப்படலன்னா வழியில கீழ ஊத்திரு."