வலிக்காமல் காய்ப்பது

லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் ஜீவராணியைப் பார்த்தால் அவளுக்குத்தான் நோய் என்பீர்கள். கன்னம் ஒட்டி, கண் குழிந்து கிடக்கிறாள். ஆனால் ஊரறிந்த நோயாளி அவள் மகள் தர்ஷனா. அவளோ ஓடுகிறாள், ஆடுகிறாள். வாய் எட்டூருக்குக் கேட்கும்.

நாலு வருஷத்துக்கு முன் பிள்ளையின் கண் மஞ்சளானது. ஈரலில் கிருமி தங்கிவிட்டது, விடாமல் கிளினிக் வர வேண்டும் என்றார்கள் கண்டி ஆஸ்பத்திரியில். தாயின் இரத்தத்திலும் அதே கிருமி, அவளும் வர வேண்டும் என்றார்கள். பிரசவத்தின்போது அவளிடமிருந்துதான் பிள்ளைக்குப் போயிருக்கிறது. லய வரிசையில் பக்கத்து வீட்டு அழகம்மா கீழாநெல்லியை அரைத்து ஆட்டுப்பாலில் கலந்து கொடுத்தாள். கொஞ்ச நாளில் கண் வெளுத்தது. நோய் போய்விட்டது என்று லயமே கூடித் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்புச் சொல்ல நம் ஆட்களுக்குச் சொல்லித் தரவா வேண்டும்? ஜீவராணியும் நம்பி, கிளினிக்கை விட்டுவிட்டாள்.

இரண்டு வருஷம் கழித்து, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைச் சோதிக்க வந்த டாக்டர் திட்டி, மறுபடி கண்டிக்கே அனுப்பினார். ஸ்கேனில் ஈரல் தழும்பேறித் தடித்திருந்தது. ஜீவராணிக்கு நம்ப முடியவில்லை. பிள்ளை ஒரு நாள்கூட வலிக்கிறது என்று சொன்னதில்லையே. நர்ஸ் நிஷாந்தி, பிள்ளை பார்த்திருக்க, ஜீவராணியின் விரலைப் பிடித்துக் காட்டினாள்.

"கொழுந்து பறிச்சுப் பறிச்சு இது காய்ச்சிருக்குல்ல, காய்க்கிறப்ப வலிச்சுதா? ஈரலும் அப்படித்தாம்மா. வலிச்சாப் பாத்துக்கலாம்னு இருக்காதீங்க."

அன்றிலிருந்து பிள்ளைக்கு மாத்திரையும் கண்டிப் பயணமும். ஜீவராணி தன் கிளினிக்கை மட்டும் அடுத்த தடவை, அடுத்த தடவை என்று தள்ளிப் போட்டாள். இரண்டு பேருக்கும் அலைய அவளிடம் தெம்பில்லை.

போன வாரமும் போனார்கள். தழும்பு கூடாமல் இருந்தால் போதும் என்று வேண்டாத சாமியில்லை. கூடவில்லை, ஆனால் குறையவுமில்லை என்றார்கள். சந்தோஷப்படக்கூட அலுப்பாக இருந்தது. பஸ்ஸில் நின்றபடியே தூங்கி வந்தாள்.

லய வாசலில் அழகம்மா கீழாநெல்லி கலந்த பாலோடு காத்திருந்தாள். வேண்டாம் என்று விளக்கிச் சொல்ல ஜீவராணிக்கு வாய் வரவில்லை. வாங்கிக்கொண்டு உள்ளே போய்த் தானே குடித்தாள்.

தர்ஷனா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏம்மா, உங்களுக்கு எங்கயாச்சும் வலிக்குதா?"

"எனக்கு என்ன, ஒரு வலியும் இல்ல."

பிள்ளை வந்து அம்மாவின் காய்த்த விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கும் வலிக்கலையேம்மா."